குடிபோகும் முன் ஒரு தெருவை எடைபோடுவது எப்படி

"அந்த ஏரியா எப்படி, பயமில்லாம இருக்கலாமா?" வீடு தேடுகிற எல்லோரும் கேட்கிற கேள்வி. வருகிற பதில்கள் பெரும்பாலும் உதவாது. வீட்டுத் தரகர் "ஒரு தொந்தரவும் கிடையாது" என்பார். பத்து வருடத்துக்கு முன் அங்கே குடியிருந்த உறவினர் "ஐயோ, அங்கேயா?" என்பார். இருவரையும் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வி அப்படி. ஏரியா என்பது நாற்பது ஐம்பது தெருக்கள் சேர்ந்தது. என்ன குற்றம், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, யாருக்கு நடந்தது என்று பிரித்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரத்தில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளைக் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மன் குழுவினர் முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்து 1989-ல் வெளியிட்டார்கள். அழைப்புகளில் பாதி, நகரத்தின் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்திருந்தன. பிறகு டேவிட் வைஸ்பர்ட் குழுவினர் சியாட்டில் நகரத்தின் 14 ஆண்டுக் கணக்கைத் தெருத்தெருவாக ஆராய்ந்தார்கள். இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட பகுதியை ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் 4 முதல் 5 சதவீதத் துண்டுகளிலேயே பாதிக் குற்றங்கள் நடந்திருந்தன. வேறு பல நகரங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆக, கெட்ட பெயர் எடுத்த ஏரியாவிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகத்தான் இருக்கும். நல்ல பெயர் எடுத்த ஏரியாவிலும் ஒன்றிரண்டு மூலைகள் சரியிருக்காது. உங்கள் வீட்டு வாசல் எதில் இருக்கிறது என்பதே கண்டுபிடிக்க வேண்டியது.

எண்ணை எப்படிப் படிப்பது

குற்றவிகிதம் வழக்கமாக ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்லப்படும். நடந்த குற்றங்களை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். 8,000 பேர் வசிக்கும் பகுதியில் ஓராண்டில் 6 வீடுகளில் பூட்டை உடைத்துத் திருட்டு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 75. இந்த 75-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வீடு புகுந்து திருடுவதற்கு ஆள் கணக்கைவிட வீட்டுக் கணக்குதான் பொருந்தும். அங்கே 2,000 வீடுகள் இருந்தால், ஆயிரம் வீட்டுக்கு 3. முந்நூற்றுச் சொச்சம் வீடுகளில் ஒன்று என்று சொன்னால் மனதுக்குப் பிடிபடும். வாகனத் திருட்டை அங்கே நிற்கும் வாகனங்களின் எண்ணிக்கையோடும், பிக்பாக்கெட்டை அந்த வழியாக நடந்து போகிறவர்களின் எண்ணிக்கையோடும் ஒப்பிட வேண்டும்.

எதால் வகுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. ரயில் நிலையம், பேருந்து நிலையம், பெரிய சந்தை உள்ள பகுதிகளில் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். தினமும் வந்துபோகிறவர்கள் லட்சக்கணக்கில். அங்கே பறிகொடுத்த செல்போன்களை எல்லாம் அந்தச் சில ஆயிரம் பேரால் வகுத்தால், நகரத்திலேயே மோசமான பகுதி அதுதான் என்று பட்டியல் சொல்லும். அங்கே இரண்டாவது மாடியில் குடியிருப்பவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். 'பாதுகாப்பான பகுதிகள்' என்று வரிசைப்படுத்தும் பட்டியல்களில் முக்கால்வாசி இந்த ஒரு கோளாறிலேயே அடிபட்டுப் போகும்.

அடுத்தது சதவீத மிரட்டல். மேலே சொன்ன பகுதியில் மறு ஆண்டு 9 திருட்டுகள் நடந்தால் "திருட்டு 50 சதவீதம் அதிகரிப்பு" என்று தலைப்பு வரும். சிறிய எண்கள் தாமாகவே மேலும் கீழும் ஆடும். ஆட்டமா, உண்மையான ஏற்றமா என்று பார்க்க ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டு ஆண்டு எண்களையும் கூட்டுங்கள். அதன் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். இரண்டு ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவு என்றால், ஏறியது என்று அடித்துச் சொல்ல முடியாது. 6-ம் 9-ம் சேர்ந்து 15. வர்க்கமூலம் கிட்டத்தட்ட 3.9, இரண்டு மடங்கு 7.8. வித்தியாசம் வெறும் 3. கவலைப்பட ஒன்றுமில்லை. இதுவே 60 என்பது 90 ஆகியிருந்தால்? கூட்டினால் 150, வர்க்கமூலம் 12.2, இரண்டு மடங்கு 24.5. வித்தியாசம் 30. அங்கே ஏதோ நடக்கிறது. இரண்டுமே 50 சதவீத ஏற்றம்தான் என்பதைக் கவனியுங்கள். எண்கள் சின்னதாக இருந்தால் ஓராண்டை ஓராண்டோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

பதிவான குற்றமும் நடந்த குற்றமும் ஒன்றல்ல. இந்த இடைவெளியை அளப்பதற்காகவே அமெரிக்கா 1973 முதலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 1982 முதலும் வீடு வீடாகப் போய் "உங்களுக்கு என்ன நடந்தது" என்று கேட்டு வருகின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பில், திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில் பாதிக்கும் குறைவானவையே காவல்துறைக்குப் போகின்றன என்று தொடர்ந்து தெரியவருகிறது. போய்ச் சேர்ந்த புகார்கள் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகின்றன என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைப் பதிவுகளின் மீது நம்பிக்கை குறைந்ததால், 2014 ஜனவரியில் அவற்றுக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தர முத்திரையே நீக்கப்பட்டது. எண்ணும் முறையும் இடத்துக்கு இடம் மாறும். ஒரே சம்பவத்தில் கொலையும் கொள்ளையும் நடந்தால், இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பெரிய குற்றமான கொலையை மட்டுமே கணக்கில் வைக்கும். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. கணக்கும் 2021 வரை இதே வகையில்தான் ஓடியது. அதனால் ஒரு நாட்டு நகரத்தை இன்னொரு நாட்டு நகரத்தோடு மொத்த எண்ணை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

நம்பகமாக எண்ணப்படுபவை இரண்டு: கொலை, வாகனத் திருட்டு. கொலையை மறைப்பது கடினம். வாகனம் போனால் காப்பீட்டுக்காகவாவது புகார் கொடுத்தாக வேண்டும். இரண்டு பகுதிகளை ஒப்பிட விரும்பினால் முதலில் வாகனத் திருட்டைப் பாருங்கள். கொலை எண்ணிக்கை ஒரு பகுதி அளவில் மிகச் சிறியதாக இருக்கும் என்பதால் மேலே சொன்ன ஆட்டக் கோளாறு அதில் வந்துவிடும். சில்லறைத் திருட்டு, சீண்டல், மிரட்டல் போன்றவற்றில் எண் கூடுவது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். காவல் நிலையத்துக்குப் போனால் மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் ஜனங்கள் அதிகமாகப் போவார்கள், எண்ணும் ஏறும். புகாரே இல்லாத இடம் அமைதியான இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இணையத்தில் குற்ற வரைபடம் கிடைக்கும் நகரம் என்றால் இரண்டு பொறிகளில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். முதலாவது, புள்ளி இருக்கும் இடம் சம்பவ இடமாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டன் காவல்துறை வரைபடத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காணாதபடி, சம்பவங்கள் அருகிலுள்ள ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்தப்படுகின்றன. முகவரி சரியாக இல்லாத புகார்களைச் சில மென்பொருள்கள் ஒரே இடத்தில் குவித்துவிடும். 2009-ல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் இணைய வரைபடத்தில் இப்படி முகவரி பிடிபடாத குற்றங்கள் நகர மன்றக் கட்டடத்துக்கு அருகே குவிந்து, அதுவே ஊரின் பெரிய குற்றக்களம் போலத் தோன்றியது. ஒரே புள்ளியில் நம்ப முடியாத குவியல் தெரிந்தால் முதலில் வரைபடத்தைச் சந்தேகியுங்கள். இரண்டாவது, நேரம். வீட்டில் ஆள் இல்லாதபோது நடக்கும் திருட்டுக்கு நேரம் யாருக்கும் தெரியாது; காலை 9 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குத் திரும்பினேன் என்றுதான் சொல்ல முடியும். பதிவேடு அதில் தொடக்க நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நேரமே தெரியாவிட்டால் 00:00 என்று போட்டுவிடலாம். சரியாக நள்ளிரவு 12 மணிக்குக் குற்றங்கள் எகிறுவதுபோல ஒரு வரைகோடு காட்டினால், அது திருடர்களின் பழக்கம் அல்ல, பதிவேட்டின் பழக்கம்.

காலால் அளப்பது

எண்ணைப் பார்த்தாயிற்று என்றால் இடத்துக்குப் போங்கள். ஒருமுறை போதாது. வேலை நாளில் காலை 11 மணி, பிற்பகல் 3 மணி, இரவு 9 முதல் 10 மணி, வார இறுதி இரவு என்று நான்கு முறை போக வேண்டும். காலை 11 மணிக்குப் போகச் சொல்வது ஏன் என்றால், வீடு புகுந்து திருடுகிறவனுக்கு வேண்டியது ஆளில்லாத வீடு. எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட பகலில் அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். லாரன்ஸ் கோகனும் மார்கஸ் ஃபெல்சனும் என்ற ஆய்வாளர்கள் 1979-ல் சொன்ன கணக்கு இன்றும் தேறுகிறது: எடுக்கத் துணிந்த ஆள், எடுக்கத் தோதான பொருள், தடுக்க ஆளில்லாமை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் நடக்கும். முதலாவதை உங்களால் மாற்ற முடியாது. மற்ற இரண்டைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

பேருந்து நிறுத்தம் அல்லது ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி, எத்தனை நிமிடம் ஒரு ஜன்னலும் கதவும் உங்களைப் பார்க்காத இடத்தில் நடக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். இருபுறமும் உயர்ந்த மதில், இடையில் திரும்ப வழியில்லாத சந்து, அதில் மூன்று நிமிட நடை என்றால் அது பலவீனமான இடம். மதில் உயரம் கூடக்கூடப் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். ஏறிக் குதித்தவனைத் தெருவிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கம்பி வேலி பல சமயம் ஆளுயர மதிலைவிட மேல். செடிகொடிக்கும் ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம்: நடைபாதை, வாசல், ஜன்னல் அருகே புதர்கள் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, மரக்கிளைகள் இரண்டு மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. இடைப்பட்ட பகுதியில்தான் பார்வை ஓடுகிறது.

வெளிச்சத்தைப் பார்க்கும் முறை இது. இருட்டிய பிறகு துணைக்கு ஒருவரோடு போய், அவரைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முகம் யாருடையது என்று தெரிகிறதா, கையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரிகிறதா? தெரிந்தால் போதும். விளக்குகளின் எண்ணிக்கை, பிரகாசம் இவற்றைவிட வெளிச்சம் சீராக இருப்பது முக்கியம். ஒரு கம்பத்தில் கண் கூசும் விளக்கு, அடுத்த கம்பத்தில் ஒன்றுமில்லை என்றால், கூசிய கண்ணுக்கு நடுவிலுள்ள இருட்டு இன்னும் கெட்டியாகத் தெரியும். கட்டடத்திலிருந்து வெளிநோக்கி அடிக்கும் ஃப்ளட் லைட்டும் அப்படித்தான். அதன் கீழ் நிற்கிறவன் தெரியமாட்டான். நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் 2016-ல் விளக்குக் கோபுரங்களை வைத்துப் பார்த்த சோதனையில், இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. விளக்கு வேலை செய்கிறது. ஆனால் அந்த இடத்தில் பார்க்க ஆட்களும் இருந்தார்கள். ஆளே இல்லாத காலி மனைக்கு விளக்குப் போட்டால், வேலை செய்ய வந்தவனுக்கும் வெளிச்சம்.

பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மதுக்கூடம், காவலாளி இல்லாத வாகன நிறுத்தம், நள்ளிரவில் கலையும் கூட்டம், பாழடைந்த கட்டடம். இவற்றிலும் ஒரே வகையில் பத்து இருந்தால் ஒன்றிரண்டில்தான் தகராறு முழுவதும் நடக்கும். நிர்வாகம் சரியில்லாத அந்த ஒன்று எது என்று பக்கத்திலிருப்பவர்களைக் கேட்டால் தயங்காமல் கை காட்டுவார்கள்.

சுவரில் கிறுக்கல், குப்பை, உடைந்த ஜன்னல் இவற்றை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். சிறு சீர்கேட்டை விட்டால் பெருங்குற்றம் வரும் என்ற 'உடைந்த ஜன்னல்' வாதம் 1982-ல் வந்து உலகம் முழுக்கப் பரவியது. சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீஃபன் ராடன்புஷ்ஷும் தெருத்தெருவாக வீடியோ எடுத்துச் சோதித்து 1999-ல் வெளியிட்டார்கள். சீர்கேட்டுக்கும் குற்றத்துக்கும் நேரடி உறவு எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாக இருந்தது. வறுமையையும், அக்கம்பக்கத்தாரிடையே உள்ள பிடிப்பையும் கணக்கில் சேர்த்ததும் பல குற்ற வகைகளில் அந்த உறவு கரைந்துபோனது. ஏழைகள் வாழும் தெருவைத் திருட்டுத் தெரு என்று கண் தானாகப் படித்துவிடும். அந்தக் கண்ணைத்தான் கொஞ்சம் அடக்கிவைக்க வேண்டும்.

அதே குழுவினர் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் நடத்தி 1997-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படும். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா? சுவரில் கிறுக்கினால்? வீட்டு வாசலில் அடிதடி என்றால்? இப்படிக் கேட்டு வாங்கிய பதில்கள், எந்தப் பகுதியில் வன்முறை குறைவு என்பதை நன்றாகவே காட்டிக்கொடுத்தன. நீங்களும் இதையே கேளுங்கள். தெருவில் கடைசியாகக் கடை அடைப்பவர், காவலாளி, தபால்காரர், இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பெண்கள், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவர், இவர்கள்தான் ஆள். "இங்கே பாதுகாப்பா?" என்றால் "பாதுகாப்புதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். "கடைசியா இந்தத் தெருவில் என்ன போச்சு? பகலா, ராத்திரியா? எப்படி உள்ளே வந்தாங்க?" என்று கேளுங்கள். மூன்று பேர் தனித்தனியாகப் பின்பக்கத்தில் உள்ள ஒரே சந்துவழியைச் சொன்னால் அதுதான் தகவல்.

ஒன்றை மட்டும் எந்த வரைபடமும் எந்தத் தெருநடையும் காட்டாது. 2023-ல் உலகெங்கும் கொல்லப்பட்ட பெண்களில் சுமார் 60 சதவீதம் பேர் கணவன், துணைவன் அல்லது குடும்பத்தாரால் கொல்லப்பட்டவர்கள் என்கிறது ஐ.நா.வின் கணக்கு. அந்த ஆபத்துக்குத் தெருவிளக்கு பதில் ஆகாது. "பாதுகாப்பான ஏரியா" என்ற பேச்சு முழுவதும் வெளியாட்களைப் பற்றியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இந்தக் கணக்குகளைப் பாருங்கள்.

கதவும் நிலையும்

வீடு பிடித்துவிட்டது, சாவி வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கதவருகே குனிந்து பாருங்கள். கடையில் பூட்டுக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்கைக்கூட யாரும் கதவு நிலைச்சட்டத்துக்குச் செலவழிப்பதில்லை. உதைத்துத் திறக்கும் கதவில் பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை. தாழ் போய் நுழையும் தகடு, நிலையிலிருந்து பிய்ந்து வருகிறது. அந்தத் தகட்டின் திருகாணி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். முக்கால்வாசி இடங்களில் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, 15 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கும். அது நிலையின் மேற்பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 75 மில்லிமீட்டர் திருகாணியைப் போட்டால் அது உள்ளே இருக்கும் கெட்டி மரத்தையோ சுவரையோ போய்ப் பிடிக்கும். சுவர் செங்கல் அல்லது கான்கிரீட் என்றால் முதலில் துளையிட்டு அடைப்பான் வைத்துத்தான் முடுக்க வேண்டும். வெறுமனே முடுக்கினால் சுழன்றுகொண்டே இருக்கும், பிடிக்காது. கீல்களுக்கும் அதே நீளத் திருகாணி, ஒவ்வொரு கீலிலும் குறைந்தது இரண்டு போடுங்கள். கால் மணி நேர வேலை.

பூட்டின் தாழ் நிலைக்குள் குறைந்தது 25 மில்லிமீட்டர் நுழைய வேண்டும். சாவி போடும் உருளை கதவின் முகப்பிலிருந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கிடுக்கியால் பிடித்து ஒடிக்கலாம். உருளையின் மேல் காப்புத் தகடு போடுங்கள், அல்லது சரியான நீளத்து உருளையாக மாற்றுங்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீலின் ஊசி வெளியே இருக்கும். ஊசியை அடித்து எடுத்தால் பூட்டியபடியே கதவு கழன்று வரும். கழற்ற முடியாத ஊசி உள்ள கீல், அல்லது கதவை மூடும்போது நிலைக்குள் போய் உட்காரும் முளை, இரண்டில் ஒன்று வேண்டும். கதவை ஒட்டிக் கண்ணாடி இருந்து, அதை உடைத்தால் கை தாழ்ப்பாளை எட்டுகிறதா என்றும் பாருங்கள். பழைய குடித்தனக்காரரிடம் எத்தனை சாவி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. உருளையை மாற்றிவிடுவதே சுலபம்.

ஜன்னல் கம்பி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லா ஜன்னலுக்கும் அசைக்க முடியாத கம்பி போட்டு, வாசலுக்கு உள்ளேயும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டை மாட்டினால், தீப்பிடிக்கும்போது வீடு கூண்டாகிவிடும். படுக்கையறை ஒன்றிலாவது உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் கம்பிக்கதவு இருக்க வேண்டும். இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, வீட்டிலுள்ள சிறு பிள்ளையும் வயதானவரும் அதைத் திறக்க முடிகிறதா என்று ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். திருடனால் வருவது பொருள் நஷ்டம். புகைக்கு ஐந்து நிமிடம் போதும்.

கேமரா பற்றிச் சுருக்கமாக. 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த மதிப்பீட்டில், பொது இடக் கேமராக்களால் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது. வாகன நிறுத்தங்களில் பலன் அதிகம். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. குடித்துவிட்டு அடித்துக்கொள்கிறவர் கேமராவைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு மாட்டுவதாக இருந்தால் கூரை உயரத்தில் வைக்காதீர்கள். தலையுச்சியும் தொப்பியும்தான் பதிவாகும். வாசலில் வந்து நிற்கிறவரின் முகம் நேராக விழும்படி, தலைக்குச் சற்று மேலே வையுங்கள். பின்னால் தெருவிளக்கோ வெயிலோ இருந்தால் முகம் கறுப்பாகிவிடும். நாள், நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். சம்பவம் நடந்த பிறகு பதிவைத் தேடினால், நினைவக அட்டை எப்போதோ செயலிழந்துபோனது அப்போதுதான் தெரியவரும். இது மிகவும் சகஜம்.

ஒருமுறை நடந்துவிட்டால்

ஒருமுறை திருட்டு நடந்த வீட்டில் மறுபடி நடக்க வாய்ப்பு அதிகம். அதுவும் முதல் சில வாரங்களில்தான் மிக அதிகம். வழி தெரிந்துவிட்டது, விட்டுப்போன பொருள் என்னென்ன என்று தெரிந்துவிட்டது, பறிபோன பொருளுக்குப் பதில் புதிது வாங்குவீர்கள் என்பதும் தெரியும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களின் பிற்பாதியில் இதை வைத்தே வேலை செய்தார்கள். ஊர் முழுக்கப் பூட்டு மாற்றாமல், திருட்டு நடந்த வீடுகளை மட்டும் உடனே பலப்படுத்தினார்கள். காசு போட்டு எரிவாயு எடுக்கும் மீட்டர்களில் பணம் சேர்ந்து கிடந்தது திருடர்களுக்குத் தோதாக இருந்தது என்பதால் அவற்றையும் எடுத்தார்கள். சுற்றிலும் உள்ள ஐந்தாறு வீட்டாரைக் கண்காணிக்கச் சொன்னார்கள். திருட்டு பெருமளவு குறைந்தது. ஒரு தெருவில் தடுத்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான் என்பார்கள். 102 மதிப்பீடுகளைத் தொகுத்து 2009-ல் ராப் கரெட்டும் கேட் பவர்ஸும் பார்த்தபோது, அப்படி இடம் மாறியது சுமார் கால்வாசி முறைதான்; ஏறக்குறைய அதே அளவு முறை பக்கத்துத் தெருவிலும் சேர்ந்து குறைந்திருந்தது.

எனவே, உடைந்த கதவை "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். அன்றே அடையுங்கள், அந்த வாரத்துக்குள் பலப்படுத்துங்கள். பக்கத்து வீடுகளுக்கும் எதிர் வீட்டுக்கும், ஒரே மாதிரிக் கட்டமைப்புள்ள வீடுகளுக்கும் சொல்லுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு, சில நூறு மீட்டர் தூரத்துக்குள் அபாயம் கூடுதலாக இருக்கும். சொல்லும்போது எந்த வழியாக, எதை வைத்துத் திறந்தார்கள், எத்தனை மணிக்கும் எத்தனை மணிக்கும் இடையில் என்ற மூன்றும் போதும்.

தெருவாசிகள் சேர்ந்து வைக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் கெடுவது இங்கேதான். "சந்தேகப்படும்படி ஒருவர் திரிகிறார்" என்று ஒரு போட்டோ வரும். மறுநாள் பார்த்தால் அவர் முகவரி தேடிய கூரியர் பையன். இரண்டு மாதத்தில் யாரும் குழுவைப் பார்ப்பதில்லை. ஆளின் தோற்றத்தை எழுதக் கூடாது, செயலை மட்டும் எழுத வேண்டும் என்று முதல் நாளே விதி வைத்துவிடுங்கள். "மூன்று வீட்டுக் கேட்டையும் தள்ளிப் பார்த்தார், 2:40 மணி" என்பது செய்தி. எரியாத தெருவிளக்கைப் பற்றிப் புகார் செய்யும்போது கம்பத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிடுங்கள். "முனையில் உள்ள விளக்கு" என்று எழுதிய புகார் முனை தேடியே மாதக்கணக்கில் அலையும்.

கடைசியாக, திருட்டுப்போன பொருள் கிடைத்தாலும் உங்களுடையது என்று நிரூபிக்க முடியாமல் திரும்பாமல் போவதுண்டு. லேப்டாப், சைக்கிள், கேமரா இவற்றின் வரிசை எண்ணை இன்றே எழுதி வையுங்கள். செல்போனில் *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், திரையில் வரும். அதை அந்தப் போனிலேயே குறித்து வைப்பவர்கள்தான் அதிகம். தாளில் எழுதி, வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.